நேரான முகடு

இருபது வருடத் தச்சு வேலையில் கோணல் என்று என் வேலையை யாரும் சொன்னதில்லை. அதுவே எனக்கு வினையாகப் போயிற்று.

2006இல் துபாயில் ஒரு ஹோட்டல் தோட்டத்துக்குள் இங்கிலாந்து கிராமத்துச் சத்திரம் ஒன்றை அச்சு அசலாகக் கட்டிக்கொண்டிருந்தோம். தடித்த நாணல் கூரை, வெள்ளைச் சுவரில் கறுப்பு மரச்சட்டங்கள், தலை குனிந்து நுழைய வேண்டிய வாசல். கொளுத்துகிற வெயிலில் குளிர்காய ஒரு கணப்பும் அதற்குப் புகைபோக்கியும் வேறு! கூரைச் சட்டம் பூட்டுவது என் பொறுப்பு.

ஊரில் என் மனைவி நாகவள்ளிக்கு வெள்ளிக்கிழமை காலை இதய ஆபரேஷன். பிழைப்பது பாதிக்குப் பாதி என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார்.

"ஒங்க மொகத்தப் பாத்துட்டுத்தேன் உள்ள போவேன்" என்று போனில் அழுதாள்.

இன்ஜினியர் கோபாலசாமியிடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்.

"புதன்கிழமை இன்ஸ்பெக்‌ஷன். கூரைச் சட்டம் பாஸாகட்டும், அன்னிக்கே பாஸ்போர்ட்டக் கையில குடுத்து லீவுல அனுப்பறேன், கார்மேகம்" என்றார்.

திங்கட்கிழமை, வந்திறங்கிய மரங்களின் கட்டைப் பிரித்தேன். முகட்டு உத்திரம் நடுவில் அரை அடி தொய்ந்திருந்தது. வரைபடத்திலும் முகட்டுக் கோடு வளைந்துதான் இருந்தது. நகல் எடுக்கும்போது தாள் நழுவியிருக்கும் என்று நினைத்தேன். கேட்டிருக்கலாம். கேட்டால் புது மரம் வரும்வரை பொறு என்பார்களே, என் புதன்கிழமை போய்விடுமே என்று பயம்.

ஸ்டோரிலிருந்து நல்ல மரமாக எடுத்தேன். கோணல் உத்திரத்தை அறுத்து முட்டுக்கட்டைகளாக்கினேன். நூல் பிடித்து, ரசமட்டம் வைத்து, சோறு தண்ணி மறந்து முகட்டை ஏற்றினேன்.

புதன்கிழமை வந்த வெள்ளைக்காரர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "டூ ஸ்ட்ரெயிட்" என்று உதட்டைப் பிதுக்கினார்.

கோபாலசாமிக்கு முகம் வெளுத்தது. "என்ன பண்ணி வச்சிருக்கீங்க? நானூறு வருஷப் பழசாத் தெரியணும்னுதான் வளைஞ்ச மரமாத் தேடி இங்கிலாந்துல இருந்து அனுப்பினாங்க. எங்க அது?"

முட்டுக்கட்டைகளைக் காட்டினேன்.

"சார், போயிட்டு வந்து நானே..."

"கெடுத்தது நீங்க, இந்த நேர் மரத்த நீங்கதான் வளைவாச் செதுக்கித் தரணும். பத்து நாளாகும். லீவு கலாஸ், கெடையாது."

இந்த முறை காலிலேயே விழுந்தேன். அவர் நகர்ந்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை வார விடுமுறை; நாங்கள் தங்கியிருந்த சோனாப்பூர் கேம்பே தூங்கியது. நான் மட்டும் கூரை மேல், நேரான உத்திரத்தைக் கோணலாக்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

"அப்புடி என்னத்தத் தப்பாச் செஞ்சீக?" என்றாள் நாகவள்ளி.

"நேராச் செஞ்சிட்டேன்."

"நேராச் செஞ்சா தப்பா?"

உளியை உத்திரத்தின் மேல் வைத்தேன். "உள்ள கூப்புடுறாக, வச்சிரவா?" என்றாள். இருடி என்று கத்தினேன். அதற்குள் வைத்துவிட்டாள்.

"நடுவுல இன்னும் ரெண்டு இன்ச்" என்றார் கீழேயிருந்து கோபாலசாமி.

உளியை எடுத்தேன். கண்ணீரில் பென்சில் கோடு தெரியவில்லை. கோணலாகத்தானே வேண்டும், அப்படியே செதுக்கினேன்.