மைதம் பேரில் கொடுத்தது

முதலில் திரும்பி வந்த பவர்பேங்கை ஹஸ்னா திருப்பிப் பார்த்தாள். அதன் முதுகில் ஒட்டியிருந்த படத்தில் அவள் மகன் மைதம் சதை போட்டிருந்தான்.

போன வருஷம் அவள் கையால் ஒட்டியபோது அது ஒடுங்கிய முகம். கட்டட வேலைக்குக் கல் சுமந்த பையனுக்குக் கன்னம் எங்கிருந்து வரும்? இப்போது உள்ளே பேட்டரி உப்பி, மூடி புடைத்து, படமும் கூடவே புடைத்து, உயிரோடு இருந்திருந்தால் நாற்பது வயதில் எப்படி இருப்பானோ அப்படி ஆகியிருந்தான். செத்தவனுக்கு வயது ஏறாது என்பார்கள். இவனுக்கு ஏறியிருந்தது.

அதற்கு முந்தின வருஷம் இமாமின் அடக்கத்தலமான கர்பலாவுக்கு யாத்திரைக் கூட்டத்தோடு நடந்துபோனவன் அவன். நாஸிரியா ஊரைத் தாண்டி, கூட்டத்தை விட்டு விலகி ஒரு சுவரோரம் ஒதுங்கியவன் வெயிலில் சுருண்டு விழுந்தான். பாக்கெட்டில் கைப்பேசி இருந்தது, அதில் சார்ஜ் இல்லை. ஒரு போன் போட்டிருந்தால் பிழைத்திருப்பான். அந்த ஒரு போன் ஹஸ்னாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது. அதனால்தான் போன வருஷம் அதே வழியில் கூடாரம் போட்டு, நடந்து போகிறவர்களுக்கெல்லாம் பவர்பேங்க் கொடுத்தாள். ஒவ்வொன்றிலும் அவன் முகம், கீழே 'மைதமுக்காக ஒரு ஃபாத்திஹா ஓதுங்கள்' என்று, செத்தவனுக்குப் பிரார்த்தனை கேட்டு ஒரு வரி. அந்த வழியில் மற்றவர்கள் சோறு கொடுப்பார்கள், தேநீர் கொடுப்பார்கள், கால் பிடித்துவிடுவார்கள், வாங்கிக்கொள்ளச் சொல்லி மல்லுக்கு நிற்பார்கள். வாங்குகிறவரிடம் பேர், ஊர் கேட்பதுகூட மரியாதைக் குறைவு.

அந்த மரியாதைதான் இப்போது கழுத்தைப் பிடித்தது. இந்த வருஷம் கூடாரம் போட்ட அன்றே கொழுந்தன் ஃபாளில் கைப்பேசியை நீட்டினான்.

"அண்ணி, நாம வாங்கின அதே சரக்குதான். பேட்டரி உப்பி வெடிக்குதாம். எல்லாத்தையும் திருப்பிக் குடுங்கன்னு கம்பெனிக்காரன் சொல்றான். யார் யார்கிட்ட இருக்குன்னு விலாசம் வேற கேக்குறான், கூறுகெட்டவன்! புண்ணியத்துக்குக் குடுத்ததுக்கு விலாசமாம்!"

ஹஸ்னாவின் புருஷன் அபூ மைதம் தேநீர் அடுப்பை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

"பேசாம விடுங்க. செத்தவன் பேர்ல குடுத்தத திருப்பிக் கேக்குறது, அவன் வாயில ஊத்தின தண்ணிய உறிஞ்சி எடுக்குற மாதிரி. ஊரே காறித் துப்பும்."

"துப்பட்டும்," என்றாள் ஹஸ்னா. "அவன் மூஞ்சி ஒட்டின சாமான் ஒரு வீட்டைக் கொளுத்திச்சுன்னா? ஒரு புள்ளைய கொன்னுச்சுன்னா? அப்பறம் எந்த ஃபாத்திஹா அவனுக்குப் போய்ச் சேரும்? சாபம்தான் சேரும்."

அவளுக்கு மிச்சமிருந்தது அவன் பேர் மட்டும்தான். அதில் கரி படுவதை அவளால் தாங்க முடியாது.

ஒப்பாரிப் பாட்டுக்கு நடுவே ஒலிபெருக்கியைப் பிடுங்கிக் கூப்பிட ஆரம்பித்தாள். "போன வருஷம் மைதம் பேர்ல வாங்கினவங்க திருப்பிக் குடுத்துட்டுப் போங்க. அது கெட்டுப்போச்சு. வீட்ல வைக்காதீங்க."

வந்தார்கள். கறுப்புக் கொடியும் புழுதியுமாக நடந்து வந்தவர்கள் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தார்கள். தரும்போது ஒவ்வொருவரும் ஒன்று சொன்னார்கள், அதுதான் அவள் தூக்கத்தைக் கெடுத்தது. ராத்திரியில் உம்ம்மென்று முனகும் என்றாள் ஒருத்தி. தொட்டால் காய்ச்சல்காரப் பிள்ளை மாதிரிச் சுடும் என்றார் ஒரு கிழவர். "அவனுக்கு மூச்சு இருக்குதுன்னே நெனச்சேன் தாயி," என்று கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

எல்லாவற்றையும் கூடாரத்துக்குப் பின்னால் மணல் நிரப்பிய தொட்டியில் அடுக்கினாள். மணலை மேலேயும் போட்டு மூடச் சொன்னான் ஃபாளில். அவள் மூடவில்லை. அந்த முகத்தின்மேல் ஒரு தடவை மண் போட்டாகிவிட்டது. உச்சி வெயிலில் தொட்டிக்குள் மெல்லப் படபடவென்று சத்தம் கேட்கும். எட்டிப் பார்த்தால் வேறு வேறு வயதில் அத்தனை மைதமும் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்கள்.

கடைசியில் வந்தவள் வெறுங்கையோடு வந்தாள்.

"என்னோடத எப்பவோ தூக்கிப் போட்டுட்டேன் ஹஜ்ஜியா. ஆனா அந்த ஈச்சந்தோப்புக்குப் பின்னால இந்திஸார்னு ஒருத்தி இருக்கா. சீக்காளிப் புள்ள தலகாணிக்கு அடியில வச்சிருக்கா. பச்சைத் துணி சுத்தி!"

ஹஸ்னா செருப்பைக்கூட மாட்டவில்லை.

புனித வழியில் கிடைத்த எதையும் அந்த ஜனங்கள் சாமானாகப் பார்ப்பதில்லை. ரொட்டித் துண்டானாலும் மருந்து, கைக்குட்டையானாலும் தாயத்து. அதற்குப் பச்சைத் துணி சுற்றிவிட்டால் முடிந்தது கதை, அப்புறம் படைத்தவனே வந்தாலும் பிரிக்க முடியாது.

இந்திஸாரின் வீட்டில் ஜன்னல் சாத்தியிருந்தது. கரண்ட் இல்லை. அறைக்குள் நுழைந்ததும் ஏதோ பழம் அழுகினாற்போல ஒரு தித்திப்பு வாடை முகத்தில் அடித்தது. பாயில் ஸுகைனா என்ற சின்னப் பெண் கண்ணை மூடிக் கிடந்தாள். அவள் தலைக்கு அடியில் தலையணை ஒரு பக்கம் மேடாக எழும்பியிருந்தது.

"மணக்குதா ஹஜ்ஜியா? ரெண்டு நாளா இந்த வாசனைதான். சொர்க்கத்து வாசனை," என்றாள் இந்திஸார். வந்தவள் யார் என்று தெரிந்ததும் ஹஸ்னாவின் தோளில் முத்தமிட்டு அழுதே விட்டாள். "உங்க மகன் வந்தப்பறம்தான் இவளுக்கு வலிப்பு நின்னுச்சு. பாருங்க, எப்படிக் கதகதன்னு இருக்கான்!"

துணியை விலக்கிக் காட்டினாள். ஹஸ்னா பின்வாங்கினாள். இது மற்றவை மாதிரி இல்லை. முகம் வீங்கி, கண்கள் விலகி, வாய் இழுபட்டுச் சிரித்தது. அவள் பெற்ற பிள்ளை ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை.

"அது வாசனை இல்லடி, உள்ள இருக்குற விஷம் கசியுது! வெடிச்சிரும். செஞ்ச கம்பெனிக்காரனே திருப்பிக் கேக்குறான். குடு."

"கம்பெனிக்காரனுக்கு என்ன தெரியும், இமாம் வழியில வந்ததப் பத்தி?" இந்திஸார் அதை மறுபடி தலையணைக்கு அடியில் தள்ளி, குறுக்கே உட்கார்ந்துகொண்டாள். "உசுரே போனாலும் தரமாட்டேன். நல்லவனோட அருள், பரக்கத்து இது."

தலையணைக்கு அடியில் உஸ்ஸென்று ஒரு சத்தம் எழுந்தது. குழந்தை முனகியது. இனி நியாயம் பேச நேரமில்லை. பெற்ற மனம் பித்து என்பார்கள். அந்த அறையில் பித்துப் பிடித்த மனம் இரண்டு இருந்தது. ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டும்.

"அவன் நல்லவன் இல்ல," என்றாள் ஹஸ்னா.

"என்ன?"

"என் மகன் நல்லவன் இல்ல. குடிச்சுட்டு வண்டி ஓட்டி உன் புள்ள மாதிரி ஒரு பொண்ண அடிச்சுப் போட்டுட்டு ஓடினவன். ஓடுறப்பதான் செத்தான். அந்தப் பாவத்தைக் கழுவத்தான் இதெல்லாம் குடுத்தேன். இதுல பரக்கத்து ஏது?"

இந்திஸார் அவளையே வெறித்தாள். "அப்பாஸ் மேல சத்தியம் பண்ணு."

அந்த நாட்டுத் தெற்கத்தி ஜனங்கள் அல்லாஹ்மேல்கூடத் துணிந்து பொய்ச் சத்தியம் செய்துவிடுவார்கள், அவன் மன்னிப்பான் என்ற தைரியம். இமாமின் தம்பி அப்பாஸ்மேல் செய்யமாட்டார்கள். அவர் முன்கோபி, மறுமை நாள் வரை காத்திருக்கிறவர் இல்லை. மைதம் சிகரெட்கூடத் தொட்டதில்லை. அடிபட்ட நாயைப் பார்த்தாலே கண் கலங்குகிறவன்.

"அப்பாஸ் மேல சத்தியம்," என்றாள்.

இந்திஸார் தீயை மிதித்தவள் போலத் துள்ளி எழுந்து குழந்தையை வாரி எடுத்தாள். ஹஸ்னா துணியோடு அதை அள்ளிக்கொண்டு ஓடினாள். அது அவள் நெஞ்சோடு துடித்தது. முற்றத்து மணலில் வீசினாள். அவள் இரண்டடி நகர்வதற்குள் அது சீறிக்கொண்டு எரிந்தது. பச்சைத் துணி போனது, அப்புறம் முகம் நெற்றியிலிருந்து கறுத்துச் சுருண்டது. கடைசியாக அந்தச் சிரிப்பு போனது.

வாசலில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இந்திஸார் நின்றாள். முகம் வெளிறியிருந்தது.

"பாத்தியா! செத்தும் அடங்கல. எப்பேர்ப்பட்ட பாவியா இருந்திருந்தா இப்படி எரிவான்!" என்று மணலைப் பார்த்துக் காறித் துப்பினாள். "இவனுக்குப் போய்த் தினமும் ஓதினேனே!"

ஹஸ்னா வாயைத் திறந்தாள். குழந்தைதான் பிழைத்துவிட்டதே, இனி உண்மையைச் சொன்னால் என்ன? சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் கர்பலா வரைக்கும் வழி நெடுக எத்தனை வீடு, எத்தனை தலையணை, எத்தனை பச்சைத் துணி!

"ஆமா, பாவிதான்," என்றாள். "பாக்குறவங்ககிட்டயெல்லாம் சொல்லு. அவன் மூஞ்சிய யாரும் வீட்ல வைக்க வேணாம்னு சொல்லு."