சிறுத்தை மலையிறங்கிய விதம்

பள்ளிக்கூடத்தில் அவளைச் 'சிறுத்தை' என்றுதான் கூப்பிடுவார்கள். ஓட்டப்பந்தயத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மலையேற்ற முகாமுக்கு வந்த இடத்திலும் அதே நினைப்புதான். குழுவில் மற்ற ஆறு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு வர, அவள் முன்னாலேயே போய்ப் பாறை மேல் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருப்பாள்.

"சேர்ந்து நடக்கணும்மா," என்று பயிற்சியாளர் அக்கா சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள். காதில் போட்டுக்கொண்டால்தானே.

உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கும்போதும் முந்திக்கொண்டு ஓடியவளுக்கு, ஈரப்பாறை ஒன்றில் கால் வழுக்கியது. 'மளுக்' என்று ஒரு சத்தம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கணுக்கால் வீங்கிவிட்டது. அக்கா ஓடி வந்து, குச்சி வைத்துக் கட்டுப் போட்டு, வாக்கிடாக்கியில் பேசினாள்.

"வண்டி கீழ ரோடு வரைக்கும்தான் வரும். அதுவரைக்கும் நாமதான் தூக்கிட்டுப் போகணும். எப்படின்னு யோசிங்க."

சிறுத்தைக்கு வலியைவிட வெட்கம்தான் பிடுங்கித் தின்றது. "நான் நொண்டிக்கிட்டே வந்துடறேன்க்கா."

"பேசாம படு," என்றான் பொட்டலம். பை நிறையத் தின்பண்டம் சுமப்பதால் அவனுக்கு அந்தப் பெயர். வந்த நாளிலிருந்து அவள் கேலிக்கு வாகாக மாட்டியவன் அவன்தான். இப்போது அவனே இரண்டு காட்டுக்கம்புகளைத் தேடிக் கொண்டுவந்து, மழைக்கோட்டுகளின் கைகளுக்குள் நுழைத்து, ஜிப்பை இழுத்துவிட்டுத் தூக்குப்படுக்கை ஆக்கினான். முதலில் தானே படுத்து, நாலு பேரைத் தூக்கச் சொன்னான்.

"என்னையே தாங்குது. உன்னைத் தாங்காதா?"

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நெட்டையாக இருந்த 'ஒட்டகம்' பள்ளத்துப் பக்கம் முன்னால் போனான். அவன் உயரத்தால் படுக்கை சாயாமல் நின்றது. செங்குத்தான இடத்தில் எல்லோரும் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, அவளை மடிக்கு மடி நகர்த்தினார்கள். யாருமே 'முடியவில்லை' என்று வாயைத் திறக்கவில்லை.

பந்தயங்களில் ஜெயித்தபோதெல்லாம் பக்கத்தில் யார் ஓடினார்கள் என்று அவள் திரும்பிப் பார்த்ததே இல்லை. இப்போது பார்ப்பதைத் தவிர வேறு வேலையில்லை. தலைமாட்டில் தூக்கிக்கொண்டிருந்த பெண் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டு வெடவெடத்தது.

"நில்லுங்க. ஆளை மாத்துங்க," என்றாள் சிறுத்தை.

"எனக்கொண்ணுமில்ல," என்றாள் அந்தப் பெண்.

"உன் கை நடுங்குது. இங்கேர்ந்து நல்லாத் தெரியுது."

அக்கா தலையசைத்தாள். ஆள் மாறியது. அதன்பிறகு அந்தப் பொறுப்பு தானாகவே அவளிடம் வந்து சேர்ந்தது. யாருக்கு மூச்சிரைக்கிறது, யார் கால் தடுமாறுகிறது என்று அவள் சொல்லச் சொல்ல, அவர்கள் மாறி மாறித் தூக்கினார்கள். அவளிடம் யாரும் முகம் சுளிக்கவில்லை. 'அவசரக்குடுக்கை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அதைக்கூட ஒருவரும் சொல்லவில்லை.

வெயில் தாழும் நேரத்தில் ரோட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அவளையும் அக்காவையும் ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பியது. வண்டியில் வந்து இறங்கியிருந்த துணைப் பயிற்சியாளர் தண்ணீர் கேனோடு குழுவிடம் போனார்.

சிறுத்தை பின்கண்ணாடி வழியாகக் கையசைத்தாள். ஆறு பேரும் ரோட்டோரப் புல்லில் அப்படியே மல்லாந்து கிடந்தார்கள். கையைத் தூக்கத் தெம்பில்லாமல் பொட்டலம் ஒரு காலைத் தூக்கி ஆட்டினான். அவனைப் பார்த்து மற்ற ஐந்து பேரும் காலைத் தூக்கினார்கள்.

"அழறியா, சிரிக்கிறியா?" என்று கேட்டாள் அக்கா.

"தெரியலக்கா," என்றாள் அவள்.