ஐயாயிரம் கிலோமீட்டர் பிராது

என் வீட்டுக்காரரை இன்னொருத்தி மயக்கியிருந்தால் எனக்கு வேலை சுலபம். நேரே போய் நாலு வார்த்தை நன்றாகக் கேட்டிருப்பேன், ஊர் கூடியிருக்கும், அன்றைக்கே ஒரு முடிவு தெரிந்திருக்கும். அவரை மயக்கியது பதினோரு பையன்கள். அதுவும் தான்சானியாவில்.

என் வீட்டுக்காரர் சாமிதுரை சூளைக்காரர். விருத்தாசலத்தில் மின்கம்பத்துப் பீங்கான் சுடும் சூளையில் தீ பார்த்தவர். 2005இல் தான்சானியாவில் ஒரு பீங்கான் தொழிற்சாலைக்கு இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் போனார். அந்தத் தொழிற்சாலைக்கு ஒரு ஃபுட்பால் டீம் இருந்தது. அது ஆடிய லீக்குக்கு முதல் டிவிஷன் என்று பெயர். பெயர்தான் முதல், அதற்கு மேலே நாட்டின் பெரிய லீக் தனியாக இருந்தது. ஆக எங்கள் டீம் இரண்டாம் படியில் நின்றது. எங்கள் டீம் என்று என் வாயிலேயே வருகிறது பாருங்கள்.

அவர் வாழ்க்கையில் பந்தைக் காலால் தொட்டதில்லை. ஆனாலும் டீமுக்கு மேனேஜர் ஆக்கிவிட்டார்கள். அங்கே கத்தாத ஆள் அவர் ஒருவர்தானாம். நெருப்பைப் பார்த்துக்கொண்டு பன்னிரண்டு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பவர், எங்கே கத்தப் போகிறார்?

ஞாயிற்றுக்கிழமை மேட்ச். திங்கட்கிழமை மதியம் இரண்டரைக்கு எனக்கு போன் வரும். நான் பொம்மைக் கம்பெனியில் கண் எழுதுகிறவள். பீங்கான் பிள்ளையாருக்கும் கிளிக்கும் கண் வைத்தபடியே காதில் போனை இடுக்கிக்கொள்வேன். சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை. அப்புறம் முழுக்க மேட்ச்தான். கோல்கீப்பர் ஜுமா பாய்ந்து பிடித்தது, ஹமிசி கோட்டைவிட்டது, ராஷிதிக்கு மஞ்சள் அட்டை. பக்கத்து மணையில் உட்காரும் மஹிராவுக்கே பதினோரு பேர் பெயரும் மனப்பாடம். அவள் புருஷன் குவைத்தில். "எங்க ஆளு வெயிலப் பத்தியாவது பேசுறாரு, ஒங்க ஆளு பந்தத் தவிர எதுவும் பேச மாட்டேங்குறாருக்கா" என்பாள்.

கல்யாணமாகி ஐந்து வருஷம். ஒப்பந்தம் சித்திரையில் முடிகிறது என்று நான் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். தை மாதம் ஒரு திங்கட்கிழமை அவர் மெல்ல ஆரம்பித்தார்.

"அம்சா, டீமு பெரிய லீக்குக்கு ஏறுனா இன்னும் ரெண்டு வருஷம் இருக்கணுங்குறாரு மொதலாளி."

"ஏறலன்னா?"

"ஏறலன்னா டீமையே கலைச்சிடுவாரு. நானும் வந்துடுவேன்."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"நான் என்னா சொல்றது. பசங்க கையில இருக்குது" என்றார். வருகிறேன் என்று சொல்லவில்லை. அந்தக் கோபத்தில் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போனேன். எங்கள் பக்கத்தில் நியாயம் கிடைக்காதவர்கள் போகிற இடம் அது. குறையைப் பிராதாகக் காகிதத்தில் எழுதி, சாமி முன்னால் வைத்து, வேலில் கட்டிவிட்டு வந்தால், தொண்ணூறு நாளுக்குள் முருகனே போய் விசாரித்து முடித்துவைப்பார். அவர் போய்வருகிற தூரத்தையும் எழுத வேண்டும்.

கோயிலில் பிராது எழுதித் தருகிறவர் கேட்டார். "எதிராளி யாரும்மா?"

"பதினோரு பேருங்க." பெயர்களைச் சொன்னேன். மூன்றாவது பெயரில் அவர் பேனாவை நிறுத்தினார்.

"எந்த ஊரு?"

"தான்சானியாங்க. ஆப்பிரிக்கா."

"பெண்ணாடம், சேத்தியாத்தோப்புன்னா தூரம் எனக்கே தெரியும். இது எத்தினி கிலோமீட்டரு?"

வீட்டுக்காரர் விமானத்தில் போன நேரத்தை வைத்து நானாக ஒரு கணக்குப் போட்டு, ஐயாயிரம் என்றேன். எழுதுகிறவர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். அவருக்குப் புண்ணியம். குறை என்ன என்ற இடத்தில், 'இவர்கள் தோற்க வேண்டும், என் வீட்டுக்காரர் வீட்டுக்கு வர வேண்டும்' என்று எழுதச் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு தோற்றார்கள். அதற்கடுத்ததும். எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். மூன்றாவது திங்கட்கிழமை போன் வந்தபோது அவர் அழுதார். ஜுமாவுக்கு விரல் உடைந்துவிட்டதாம். தன் அப்பா செத்தபோதுகூட என் முன்னால் அழாதவர்.

"ஜுமாவோட அம்மாதான் அம்சா, எனக்கு மலேரியா வந்தப்ப பத்து நாளு கஞ்சி வச்சிக் குடுத்தாங்க."

"மலேரியாவா? எப்ப?"

"ஒனக்கு சொல்லல. பயப்படுவேன்னு."

கையிலிருந்த கிளிக்குக் கண் கோணிவிட்டது. தோற்க வேண்டும் என்றுதானே கேட்டேன், விரலை உடைக்கவா சொன்னேன்? என் புருஷனுக்குக் கஞ்சி ஊற்றியவள் பெற்ற பிள்ளை மேல் நானே பிராது கட்டியிருக்கிறேன். அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கமே இல்லை.

கடைசி மேட்ச்சுக்கு முந்தின வெள்ளிக்கிழமை மறுபடியும் கோயிலில் அந்த எழுதுகிறவரிடமே போனேன். ஜெயித்தால் ஏறுவார்கள், இல்லாவிட்டால் கலைந்துபோவார்கள். நிலவரம் எனக்குத் தெரியும்.

"பிராது வாபஸுங்க."

"நெறவேறிடுச்சாம்மா?"

"நெறவேறப் போவுதுங்க. அதுக்கு முன்னாடி எடுத்துடணும்."

அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வேலில் கட்டியிருந்த காகிதங்களைப் பிரித்து என்னுடையதைத் தேடி எடுத்துக் கொடுத்தார். வெளியே வந்து வெகு நேரம் மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு வருஷத்தை என் கையாலேயே தூக்கிக் கொடுத்துவிட்டேன், யாரைத் திட்டுவது?

திங்கட்கிழமை இரண்டரை. மஹிரா தூரிகையைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏறிட்டோம் அம்சா. ஒண்ணுக்கு சைபரு. வெரல்ல கட்டோட ஜுமா கடேசி நிமிஷத்துல ஒண்ணு புடிச்சான் பாரு." சந்தோஷக் குரலாகவே இல்லை. நான் திட்டுவேன் என்று காத்திருக்கிறார் போல.

எனக்கு மறைக்கத் தெரியாது. "நீங்க தோக்கணும்னு கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டியிருந்தேன். வெள்ளிக்கெழமதான் எடுத்தேன்" என்றேன்.



"நானும் அதத்தான் வேண்டிக்கிட்டிருந்தேன், அம்சா. ஒவ்வொரு மேட்சுக்கும். அந்தப் பசங்க பக்கத்துலயே குந்திக்கிட்டு. அவன் வெரலு ஒடஞ்சப்ப, என்னாலதான் ஒடஞ்சிச்சின்னு நெனச்சேன்."

அவர் அழுதது எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. இத்தனை நாள் இந்த மனுஷனையா சந்தேகப்பட்டேன்? பத்துப் பெண்கள் பார்க்க, தூரிகையும் கையுமாக நான் அழுதேன்.

"அப்ப எப்படி ஜெயிச்சாங்க?"

"நம்ம ரெண்டு பேரையும் மீறி ஜெயிச்சிருக்கானுங்க."

அழுகைக்கு நடுவே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

"மொதலாளிகிட்ட இன்னும் ரெண்டு வருஷம் இருக்கேன்னு சொல்லுங்க."

"அம்சா."

"சொல்றதக் கேளுங்க. ரெண்டு பேரு இருக்குற மாதிரி ஒரு வூடு பாருங்க. பெரிய லீக்கு எப்ப ஆரம்பிக்குது?"

"ஆகஸ்டுல."

"அதுக்குள்ள வந்துடுறேன்."