பெட்டிச் சாவி

“அந்தப் பெட்டியோட சாவி எங்ககிட்ட இருக்கணும்.”

பிளேடைக் கீழே வைக்காமல்தான் டிகிரி கேட்டாள். கேட்டுக்கொண்டே அடுத்த நாற்றைச் சீவினாள்.

விடிந்தும் விடியாத நேரம். நாற்றுப் பண்ணையின் ஒட்டுக் கொட்டகையில் பதினொரு பெண்கள் நீண்ட மேசையின் இரு புறமும் உட்கார்ந்து, நாலரை மணியிலிருந்து குனிந்த தலை நிமிராமல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறிவிட்டால் தண்டு துவண்டுவிடும், ஒட்டுப் பிடிக்காது. பேனா ரீஃபில் கனத்தில் இருக்கும் காட்டுக் கத்தரி நாற்றைச் சாய்வாக வெட்ட வேண்டும். அதே கனத்தில், அதே சாய்வில் தக்காளி நாற்றின் தலையைச் சீவ வேண்டும். இரண்டையும் பொருத்திக் குட்டி ரப்பர் கிளிப்பால் கவ்வ வேண்டும். நோய் தாங்கும் வேர் கத்தரியுடையது, காய் தக்காளியுடையது. ஒரு நாற்றுக்குப் பத்து விநாடி. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஆயிரத்து ஐந்நூறு. கட்டைவிரலில் பிளேடு கிழித்த கோடுகளுக்குள் பச்சைச் சாறு ஏறிக் கறுத்துக் கிடக்கும். எந்தச் சோப்புக்கும் போகாது.

காலைச் சுற்றுக்கு வந்த முதலாளி நின்றார். அவர் பக்கத்தில் அவருடைய மருமகன். பண்ணை முழுக்க அவனுக்கு மாப்பிள்ளை என்றுதான் பெயர். கல்யாணம் ஆகி ஆறு வருடமாகியும் அவன் இன்னும் விருந்துக்கு வந்தவன் மாதிரியே நடந்துகொண்டிருந்தான்.

வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே அம்மா அவளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள். இதே பண்ணையில் பதினெட்டு வருடம் நாற்று வளர்க்கும் குழித்தட்டுகளைக் கழுவியவள் அம்மா. “கூலி கேளு. குடிக்கத் தண்ணி கேளு. லீவு கூடக் கேளு, திட்டிக்கிட்டே குடுப்பாங்க. சாவி மட்டும் கேட்டுடாத. சாவி கேட்டவளைத் திருடின்னு சொல்லித்தான் வெளிய அனுப்புவாங்க.”

“என்ன சாவி?” முதலாளிக்கு உண்மையிலேயே புரியவில்லை.

“இருட்டறை மெஷின் பெட்டிச் சாவிங்க.”

இருட்டறை என்பது ஒட்டிய நாற்றுகளை ஏழு நாள் வைத்துக் காயம் ஆற்றுகிற இடம். கறுப்புத் துணியும் பிளாஸ்டிக் தாளும் போர்த்திய நீளமான கூடு. உள்ளே வெளிச்சம் படக் கூடாது, ஈரம் குறையக் கூடாது, சூடு ஏறக் கூடாது. போன மாதம் வரைக்கும் அதை இந்தப் பெண்கள்தான் பார்த்துக்கொண்டார்கள். முழங்கை வரை உள்ளே நீட்டி இருபது எண்ணுவார்கள். கை மயிரில் நீர் முத்துக் கட்டினால் ஈரம் போதும். முத்துக் கட்டாமல் வியர்த்தால் சூடு அதிகம், தாளை விலக்க வேண்டும். மெஷின் வந்ததும் தாளை விலக்க முடியாதபடி சுற்றிலும் ஆணியடித்துவிட்டார்கள். ஊரில் விவசாயப் படிப்பு படித்த ஒரே பெண் அவள்தான். அதனால்தான் எல்லோரும் அவளை டிகிரி என்று கூப்பிட்டார்கள். இரண்டு வருடம் தினம் நாலு வேளை அந்த முழங்கைக் கணக்கை அளந்து பார்த்து, எந்த மணிக்கு எந்த வரிசையில் எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம் என்று மூன்று நோட்டில் எழுதி வைத்திருந்தாள். மெஷின் வந்து இறங்கிய அன்று அந்த மூன்றையும் தூக்கிக்கொண்டு ஆபீசுக்குப் போனாள். மாப்பிள்ளை அவற்றைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு அடியில் முட்டுக் கொடுத்துவிட்டான்.

“சென்சாரைக் கதவுக்குப் பக்கத்துல மாட்டியிருக்கு” என்றாள் டிகிரி. “தண்ணி தெளிக்கிற மூக்கு நேரா அது மேலதான் பீச்சுது. அதுக்கு எப்பவும் ஜில்லுன்னுதான் இருக்கும். உள்ள கடைசி வரிசை வேகுது. மெஷினுக்கு அது தெரியல, ஃபேன் சுத்தல. மூணு நாளா கடைசி ரெண்டு வரிசையும் செத்துக்கிட்டே வருது. பெட்டியைத் திறந்தா ஃபேனைக் கையாலயே போட்டுடலாம். சென்சாரையும் எடம் மாத்திடலாம்.”

“கதவுகிட்ட இருந்தாத்தான் நின்ன எடத்துல இருந்து படிக்க முடியும்” என்றான் மாப்பிள்ளை. “என் கண்ணுக்கு நேரா அளந்து மாட்டினது அது.”

“அதான் சார் தப்பு. நாத்து உங்க உயரத்துல இல்லையே.”

மேசையின் கடைசியில் இருந்த நெட்டைப் பெண், பெயர் கொக்கு, தலையைத் தூக்காமலே சொன்னாள்: “உள்ள போகணும்னா குனியணும்ல. மாப்பிள்ளை எதுக்குக் குனியப் போறாரு?”

மேசை முழுக்கச் சிரிப்பு ஓடியது. சித்தி சிரித்த சிரிப்பில் கிளிப்பு டப்பா கவிழ்ந்தது. சித்தி, டிகிரியின் அம்மாவுக்குத் தங்கை. பண்ணையிலேயே வேகமான கை அவளுடையது. வாய் அதைவிட வேகம்.

முதலாளி சிரிக்கவில்லை. “ஏம்மா டிகிரி, மெஷின் என்ன விலைன்னு தெரியுமா? பொம்பளைங்க ஆளுக்கு ஒரு பக்கம் திருகினா அது என்னத்துக்கு ஆகும்?”

“நாங்க ஆளுக்கு ஒரு பக்கம் வெட்டுறதைத்தானே நீங்க லாரி லாரியா விக்கிறீங்க.”

“செத்த நாத்துக்குக் கூலி இல்லைன்னு முன்னாடியே சொல்லியிருக்கேன். இப்பச் சேத்து ஒண்ணு சொல்றேன், எல்லாரும் கேட்டுக்குங்க. இனிமே செத்ததுக்கு வெட்டினவளே பொறுப்பு. நாத்து விலையைக் கூலியில பிடிச்சுக்குவேன். கை சரியில்லாம சாகடிச்சுட்டு மெஷின் மேல பழி போடுறது இத்தோட நிக்கணும்.”

மாப்பிள்ளை நேராக இருட்டறை வாசலுக்குப் போனான். பெட்டிப் பூட்டில் சாவியைப் போட்டு ஒரு முறைக்கு இரு முறை திருகி, இழுத்துப் பார்த்து, சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். எல்லோரும் பார்க்க வேண்டும் என்றே மெதுவாகச் செய்தான். பிறகு பைக்கை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போய்விட்டான்.

பதினோரு மணிக்குக் கூரைத் தகரம் முறுக்கிக்கொள்கிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. சித்தி முந்தானையை இடுப்பில் செருகினாள்.

“நம்ம கை சரியில்லையாம்ல. கடைசி வரிசைத் தட்டையெல்லாம் கதவோரமா நகத்திடுறேன். எவன் பிடிக்கிறான்னு பாக்குறேன்.”

“வேணாம் சித்தி. உள்ள நெருப்பா இருக்கும். மாப்பிள்ளை வரட்டும்.”

“அவன் வர்றதுக்குள்ள இதுங்க வெந்து கூழாயிடும்டி. நாலு நாள் முதுகொடிஞ்சு வெட்டினது.”

குனிந்து உள்ளே போனாள். ஈரம் ஏறிய தட்டு கல் மாதிரி கனக்கும். இரண்டு பக்கமும் அடுக்கு, நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் நுழைகிற வழி. தட்டை இழுக்கிற சத்தமும் வைக்கிற சத்தமும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. மறுநாளைக்குக் கிளிப்பு பிரித்துக்கொண்டே டிகிரி அதைக் காதில் வைத்திருந்தாள். இழுத்தாள், வைத்தாள். இழுத்தாள், வைத்தாள். இழுத்தாள்.

வைக்கிற சத்தம் வரவில்லை.

“சித்தி?”

டிகிரி முதலில் ஓடியது பெட்டிக்கு. அதை அவள் பிறகு எத்தனையோ முறை நினைத்து வெட்கப்பட்டாள். ஃபேனைப் போட்டால் போதும் என்றுதான் அப்போது தோன்றியது. பூட்டைப் பிடித்து இழுத்தாள், கிளிப்பு டப்பாவால் அடித்தாள். கண்ணாடிக்குப் பின்னால் சூட்டைக் காட்டும் எண் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது: இருபத்தாறு. எல்லாம் சரியாக இருக்கிறது என்றது மெஷின்.

“அதை விடுடி” என்று கத்தினாள் கொக்கு. “பின்னாடி வா. தாளைக் கிழி.”

பத்துப் பெண்கள், பத்துப் பிளேடு. அவ்வளவு நாளும் ரீஃபில் கனத்துத் தண்டை வெட்டின பிளேடுகள் கறுப்புத் துணியையும் பிளாஸ்டிக் தாளையும் மேலிருந்து கீழாகக் கிழித்தன. அண்டாவின் மூடியைத் திறந்தது போல ஆவி முகத்தில் அடித்தது. கடைசி வரிசைக்குக் கீழே சித்தி குப்புறக் கிடந்தாள். கையில் தட்டு இருந்தது. தட்டு சாயாமல் இருந்தது.

வேனுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். டிரைவர் தலையைச் சொறிந்தான். “முதலாளிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு...”

“வண்டியை எடுப்பா” என்றாள் கொக்கு. “வார்த்தையை நாங்க சொல்லிக்கிறோம்.” அவள் கையில் பிளேடு இன்னும் இருந்தது. டிரைவர் அதைப் பார்த்தான், வண்டியை எடுத்தான்.

சித்தி சாகவில்லை. நாக்குக் குழறியது, ஒரு கண் சரியாகத் திறக்கவில்லை. சிறுநீரகம் எப்படி இருக்கும் என்பது நாலு நாள் போனால்தான் தெரியும் என்றார் டாக்டர். மாலையில் டிகிரியை அருகே கூப்பிட்டு அவள் கேட்ட முதல் கேள்வி: “கடைசி வரிசை?”

“எல்லாம் போச்சு சித்தி.”

“என் கை சரியாத்தான்டி இருந்துச்சு.”

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒன்பது பெண்களும் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். டிகிரி வெளியே வந்து அவர்கள் நடுவே உட்கார்ந்தாள். பையிலிருந்து மடிப்பு விழுந்த ஒரு படிவத்தை எடுத்துத் தரையில் விரித்தாள். பெண்கள் குழுவாகச் சேர்ந்து சொந்தமாக நாற்றுக்கூடம் தொடங்குவதற்கான விண்ணப்பம். படித்து முடித்த வருடத்திலிருந்து அது அவள் பையிலேயே கிடந்தது. இரண்டு முறை பெயர் எழுதி, இரண்டு முறை அழித்திருந்தாள். ‘தலைவி’ என்று ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்துக்கு வரும்போதெல்லாம் பேனா நின்றுவிடும்.

“இதை ஏன் இத்தனை நாள் காட்டல?” என்றாள் கொக்கு.

“நம்மளால முடியுமான்னு...”

“வெட்டுறது யாரு? ஒட்டுறது யாரு? முழங்கையை விட்டுப் பாக்குறது யாரு? அவங்க பண்றது பூட்டுறது மட்டும்தான். அது ஒண்ணுதான் நமக்குத் தெரியாத வேலை.” கொக்கு படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள். “எங்கண்ணன் கோழிக் கொட்டகை ரெண்டு வருஷமா சும்மாதான் கிடக்கு. நாத்தம் அடிக்கும், கழுவிக்கலாம். இவ பேரை எழுதுங்க.”

“நானா? உங்கள்ல யாராவது...”

“சாவி வேணும்னு வாயைத் திறந்து கேட்டது நீதானே. இப்ப என்ன பதுங்குற? ஒரு வருஷம் நீ இரு. அடுத்த வருஷம் நான். என் உயரத்துக்குக் கட்டடம் கொஞ்சம் பெருசா கட்டணும், அவ்வளவுதான்.”

அழுதுகொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். யாரோ கேட்டார்கள்: “அங்க பெட்டிச் சாவி யார்கிட்ட இருக்கும்?”

டிகிரி யோசித்துச் சொன்னாள். “பெட்டிக்குப் பூட்டே வேணாம்.”

இன்னொரு தாளில் நடந்ததை நடந்தபடி எழுதினாள், தொழிலாளர் அலுவலகத்துக்கு. பூட்டு, சாவி, மணி, எண் இருபத்தாறு. இரண்டு தாளிலும் பத்துப் பேரும் கையெழுத்துப் போட்டார்கள். படிவத்தைச் சித்தியிடம் கொண்டுபோனபோது அவளுக்குப் பேனா பிடிக்க வரவில்லை. பச்சைக் கறை படிந்த கட்டைவிரலை மையில் தொட்டு அழுத்தினாள்.

மறுநாள் நாலரை மணிக்குப் பத்துப் பேரும் கொட்டகைக்கு வந்தார்கள். அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். பிளேடை முன்னால் வைத்தார்கள். வெட்டவில்லை. வரிசை வரிசையாக நாற்பதாயிரம் நாற்று காத்திருந்தது. நாலே நாளில் தண்டு தடித்துவிடும், பிறகு எந்தக் கிளிப்பும் கவ்வாது. அது அவர்களுக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும்.

ஏழு மணிக்கு டிகிரியை மட்டும் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள்.

முதலாளி உட்காரச் சொன்னார். இதுவரை அந்த அறையில் அவளை யாரும் உட்காரச் சொன்னதில்லை. அவள் நின்றாள். மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான்.

“உங்க சித்தி ஆஸ்பத்திரிச் செலவு என்னோடது” என்றார் முதலாளி. “நான் கல்நெஞ்சுக்காரன் இல்ல. நேத்து நீ சொன்னதையும் யோசிச்சுப் பாத்தேன். சென்சார் எடம் தப்புதான். உனக்கு மூளை இருக்கு. அந்தக் கூட்டத்துல உக்காந்து கையைக் கிழிச்சுக்க வேண்டிய ஆள் இல்ல நீ.”

சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். சாவி. சின்னது, பித்தளை, கழுத்தில் சிவப்பு நூல்.

“இன்னையிலிருந்து நீதான் சூப்பர்வைசர். இருட்டறை உன் பொறுப்பு. கேட்டேல்ல, எடுத்துக்கோ. இதுல மட்டும் ஒரு கையெழுத்து.”

தாளை அவள் பக்கம் திருப்பினார். உள்ளே போக வேண்டாம் என்று சொல்லியும் அந்தப் பெண் தன் இஷ்டத்துக்குப் போனாள் என்று எழுதியிருந்தது. மற்றவர்கள் வேண்டுமென்றே இருட்டறைத் தாளைக் கிழித்தார்கள் என்று எழுதியிருந்தது. கீழே அவள் பெயரும், அதற்குப் பின்னால் அவள் பட்டமும் அச்சடித்திருந்தது. அந்தப் பண்ணையில் அவள் பட்டத்தை முதன்முதலாக எழுத்தில் பார்த்தாள்.

சாவியைப் பார்த்தாள். பொய் எதற்கு, எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசையாகத்தான் இருந்தது. கை நீட்டினால் எட்டும். இன்றைக்கே சென்சாரைக் கடைசி வரிசைக்கு மாற்றிவிடலாம். அம்மா பதினெட்டு வருடம் தட்டுக் கழுவின இடத்தில் அவள் நாற்காலி போட்டு உட்காரலாம். வேகாத நாற்றாக லாரி ஏறும்.

“நான் எனக்குன்னு கேக்கல” என்றாள். “எங்ககிட்டன்னு கேட்டேன்.”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

“இல்லீங்க.”

முதலாளியின் குரல் இறங்கியது. “இங்க பாரு. கோழிக் கொட்டகைக் கதை என் காதுக்கும் வந்துடுச்சு. இந்தச் சுத்து வட்டாரத்துல விதை விக்கிறவன் அத்தனை பேரும் என் ஆளுங்க. உனக்கு ஒரு பொட்டலம் கெடைக்காது. உன் நாத்தை எவனும் வாங்க மாட்டான். ஆறு மாசத்துல இதே வாசல்ல வந்து நிப்ப.”

அவர் சொன்னதெல்லாம் நடக்கக்கூடியது. விண்ணப்பம் இன்னும் பையில்தான் இருந்தது. கொட்டகையில் கோழி எச்சம் முழங்கால் உயரம்.

குனிந்தாள். மேசைக் காலுக்கு அடியிலிருந்து தன் மூன்று நோட்டுகளையும் உருவினாள். மேசை அந்தப் பக்கம் சாய்ந்தது. சாவி மெல்லச் சறுக்கிக்கொண்டு போய், விளிம்பைத் தாண்டி, மாப்பிள்ளையின் காலடியில் விழுந்தது.

“கீழ விழுந்துடுச்சு சார்” என்றாள். “குனிஞ்சு எடுத்துக்குங்க.”

மேல் நோட்டின் அட்டையில் மேசைக் கால் வட்டமாகப் பதிந்திருந்தது. கையால் துடைத்தாள். அது போகவில்லை. மூன்றையும் மார்போடு அணைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

எதிரே கொட்டகையில் ஒன்பது பேரும் எழுந்து நின்றிருந்தார்கள். பிளேடுகளைத் தாளில் சுற்றி ஒவ்வொருத்தியும் இடுப்பில் செருகிக்கொண்டிருந்தாள். கொக்கு அங்கிருந்தே புருவத்தைத் தூக்கி, என்ன ஆச்சு என்று கேட்டாள். பின்னால் முதலாளி ஏதோ கூப்பிட்டார். டிகிரி திரும்பாமல் படியிறங்கினாள்.