கதிர்காமத்திலிருந்து வந்தவர்

பதுளைக் கடைவீதியில் பலசரக்குக் கடை வைத்திருந்த வீரய்யாவுக்குப் பொய் சொல்ல வராது. மல்லி பழசாக இருந்தால் பழசு என்று தானே சொல்லி, வந்த வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்வார். பிழைக்கத் தெரியாத ஆள் என்று பக்கத்துக் கடை மர்ஸூக் கேலி பண்ணுவார். அப்பேர்ப்பட்ட மனுஷன் தலையில்தான் அவ்வளவு பெரிய பொய் வந்து விழுந்தது.

ஒரே மகன் ஜெயராசா கனடா தேசத்துச் சர்வகலாசாலையில் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடத்துப் பாதிரியார்தான் எழுதிப்போட்டு இடம் வாங்கிக்கொடுத்தார். பாவம், அவரே ஒரு மத்தியானம் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்குள் வந்தார். பையன் நெஞ்சுச் சளிக் காய்ச்சலில் போய்விட்டான், அங்கேயே அடக்கம் பண்ணிவிட்டார்கள் என்றார். வீரய்யா அரிசி மூட்டையின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"எம் பொஞ்சாதிக்குத் தெரிய வேணாங்க, சாமி."

ரெங்கம்மாவுக்கு இருதயம் பலவீனம். அதிர்ச்சியான சேதி காதில் விழுந்தால் ஆள் தாங்கமாட்டாள் என்று ஆஸ்பத்திரி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மகன்தான் போய்விட்டான், இவளும் போய்விட்டால் தன் கதி என்ன?

அவளோ, மலையில் மூடுபனி இறங்கினாலே, "அங்க இதவிடக் குளிருமாங்க?" என்று ஆரம்பித்துவிடுவாள். "ரூமுக்குள்ள நெருப்புப் போட்டு வச்சிருப்பாங்களாம், சும்மா இரு" என்று முன்பெல்லாம் எரிந்து விழுவார். இப்போது அந்தக் கேள்வி வந்தால் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார்.

அது கிடக்கட்டும். பெற்ற பிள்ளைக்குக் காரியம் பண்ணாமல் விடலாமா? வாய்க்கரிசி போடக்கூட அங்கே ஒரு கை இல்லையே! பதுளையில் செய்தால் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். மொட்டையடித்து மீசை எடுத்தால் வீட்டில் என்ன சொல்வது? யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார்.

"தம்பி பரீட்சையில தேறணும்னு கதிர்காமத்து முருகனுக்கு முடி நேர்ந்திருக்கேன். நடந்து போயிட்டு வந்துர்றேன்."

ரெங்கம்மா பூரித்துப்போனாள். "நல்ல காரியந்தாங்க. எனக்கும் சேத்து வேண்டிக்கங்க" என்று தன் கையாலேயே கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தாள். அதை வாங்கும்போது அவர் கை கூசியது.

அவர் போனது மடுல்சீமைத் தேயிலை மலைக்கு. அங்கே பழக்கமான கங்காணி முருகையா வேலை பார்க்கும் தோட்டத்தில், ஓடைக்கரையில், கோயில் பண்டாரம் பிள்ளையின் உடலுக்குப் பதிலாகத் தர்ப்பையில் ஓர் உருவம் முடைந்து கிடத்தினார். அப்பன் மகனுக்குக் கொள்ளி வைத்தார். அதுவரை அடக்கிவைத்ததெல்லாம் அங்கே உடைந்தது.

"எனக்கு நீ வைக்க வேண்டியதுடா, ராசா!"

கதிர்காமம் போய் வருகிற நாள் கழியும்வரை தோட்டத்திலேயே கிடந்தார். பிறகு மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, பண்டாரம் கொடுத்த திருநீற்றுப் பொட்டலத்தோடு பதுளைக்குத் திரும்பினார். வாசலில் நின்ற ரெங்கம்மா அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"மீசையையும் குடுத்துட்டீங்களா? ஆளே அடையாளம் தெரியல. வாங்க, உள்ள வாங்க."

கோயிலுக்குப் போய் வந்தவர் கால் கழுவக்கூடாது. போன புண்ணியம் தண்ணீரோடு போய்விடும். கால் கழுவிவிட்டு வீட்டுக்குள் நுழைவது துக்கத்துக்குப் போய் வந்தவர்தான். சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும், வீரய்யாவுக்குத் தெரியாதா? ஆனாலும் வாசற்படியில் அவருக்குக் கால் ஏறவில்லை. கொள்ளி வைத்த கையோடு சாமி படம் இருக்கிற வீட்டுக்குள் எப்படிப் போவது? பொட்டலத்தை அவள் கையில் திணித்துவிட்டு, தன்னையறியாமல் வீட்டைச் சுற்றிக் கிணற்றடிக்குப் போனார். ஒரு வாளி இறைத்துக் காலில் ஊற்றினார். இன்னொரு வாளியைத் தலையில் கவிழ்த்தார். சந்தனம் கரைந்து ஓடியது.

திரும்பினால் ரெங்கம்மா நிற்கிறாள். கையில் பொட்டலம் பிரிக்காமல் இருந்தது. முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை.

"கதிர்காமத்துல இருந்து வர்றவங்க கால் கழுவுவாங்களா?"

"வழியெல்லாம் சேறு, ரெங்கம்."

"தலையிலயுமா சேறு?"

அவர் வாளியைக் கீழே வைத்தார். மீசையில்லாத உதடு நடுங்கியது. அவ்வளவுதான், அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விழுந்துவிடுவாள் என்று பதறித் தாங்கப் போனார். அவள் அவர் கையைத் தள்ளிவிட்டு, துவைக்கிற கல்லில் உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தாள்.

"எனக்கும் ஒரு வாளி ஊத்துங்க."

"ரெங்கம், ஒன் ஒடம்பு..."

"பெத்தவ நான். ஊத்துங்க."

ஊற்றினார். மலைக்காற்றில் அவள் உடம்பு வெடவெடவென்று ஆடியது. முகத்தை மூடிய ஈரக் கூந்தலுக்குள்ளிருந்து அவள் கேட்டாள்.

"அங்க இதவிடக் குளிருமாங்க?"

"ஆமா, ரெங்கம். ரொம்பக் குளிரும்" என்று சொல்லிவிட்டு, வீரய்யா அடுத்த வாளியை இறைத்தார்.