மணி அடித்தால் எரிகிற தோரணம்

கிட்டே வாங்க கண்ணுகளா. அந்த ஜன்னல் பக்கம் காத்து சில்லென்று வருது, இப்படி நகர்ந்து உட்காருங்க. காசில்லாமல் கட்டின ஒரு தோரணத்தின் கதை சொல்லப் போகிறேன். முடிக்கிறதுக்குள்ளே ஒரு தடவையாவது நீங்கள் சிரிக்காவிட்டால், நாளைக்கு வேறு கதைக்காரியைத் தேடிக்கொள்ளுங்கள், நான் கோவிச்சுக்க மாட்டேன்.

ஒரு குடும்பத்தில் இரண்டு மருமகள்கள். பெரியவள், சின்னவள். பெரியவள் வீடு அகலமான தெருவில், உள்ளே மாடிப்படி வைத்த வீடு. சின்னவள் வீடு மூன்றாவது மாடியில் ஒன்றரை அறை. அந்த அரை எது என்றால், அடுப்பு இருக்கிற இடம். அவர்களுடைய மாமனார் முப்பத்து நாலு வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வருஷக் கடைசி விடுமுறைக்குக் குடும்பம் முழுக்க ஒரே வீட்டில் கூடிச் சாப்பிட வேண்டும், ஒரு வருஷம் பெரியவள் வீடு, மறு வருஷம் சின்னவள் வீடு என்று முறை வைத்தவர் அவர்தான்.

போன வருஷம் பெரியவள் முறை. கடையிலிருந்து ஆள் வந்து அலங்காரம் செய்துவிட்டுப் போனார்கள். படிக்கட்டுக் கைப்பிடி முழுக்க மினுக்கு விளக்கு. எல்லாரும் கிளம்பும்போது பெரியவள் சொன்னாள்:

"இனிமே இங்கேயே வச்சுக்கலாம் மாமா. பாவம், அவங்களை எதுக்குச் சிரமப்படுத்தணும்?"

அந்தப் 'பாவம்' இருக்கிறதே, அதுதான் சின்னவளுக்கு மீன் முள் மாதிரி தொண்டையில் நின்றுவிட்டது. மாமனார் மழுப்பலாக, அடுத்த தடவை சின்னவள் வீட்டில் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்றார். முறை போய்விட்டால் என்ன ஆகும்? சாப்பாடு கிடைக்கும், மினுக்கு விளக்கும் கிடைக்கும். ஆனால் தன் கதவைத் தானே திறந்து, "வாங்க, வாங்க" என்று சொல்கிற அந்த ஒரு நாள் போய்விடும். எலி வளையானாலும் தனி வளை இல்லையா? வருஷா வருஷம் விருந்தாளியாகப் போய்த் தட்டை ஏந்த அவளுக்கு மனசில்லை.

சின்னவள் முறை வந்த வருஷம் பார்த்துக் கையில் இறுக்கம். வீட்டு வாடகை ஏறியது. அவள் புருஷன் வாசல் மணி பொருத்துகிறவர்; ஊரே அவரை மணிக்காரர் என்றுதான் கூப்பிடும். கடையில் அவருக்கு வேலை பாதி நாளாகச் சுருங்கிவிட்டது. அலங்காரம் என்று அவள் வாயெடுத்ததும், வெறுங்கை முழம் போடுமா என்று கேட்டார்.

"என் கை முழம் போட்டுத்தானே சம்பாதிக்குது," என்றாள் சின்னவள்.

உண்மைதான். அவளுக்கு வேலை, பெரிதாய் இருக்கிற துணியை அளவாக்கித் தருகிற கடையில். நாள் பூராவும் பேண்ட் காலைக் குட்டையாக்கினால் என்ன மிஞ்சும்? வளையம் வளையமாகக் கால் துண்டு மிஞ்சும். ஒரு கோணி நிறைய குப்பைக்குப் போக இருந்ததை முதலாளியிடம் கேட்டு வாங்கினாள். துவைத்தாள், தேய்த்தாள். ஒவ்வொரு வளையத்திலும் ஒரு பக்கத்தை நூலோட்டிச் சுருக்கினாள். பார்த்தால் குட்டி மணி! நடுவில் ஒரு பித்தானைத் தொங்கவிட்டாள், நாக்கு ஆயிற்று. கறுப்பு, பழுப்பு, கட்டம் போட்டது, கோடு போட்டது என்று நாற்பது மணி. நிறம் மங்கலாக இருக்கிறதே என்று உள்பக்கம் வழுவழுப்பான சிவப்பு லைனிங் துணி கொடுத்தாள்.

மணிக்காரருக்கு ரோஷம் வந்தது. பழைய மணிகளைக் கழற்றும்போது, பொத்தானுக்குப் பக்கத்தில் மினுங்குகிற கடுகளவு பல்பை அவர் வீசமாட்டார், டப்பாவில் போட்டு வைப்பார். அதையெல்லாம் மெல்லிய வயரில் கோத்து, மணிக்கு ஒரு பல்பு வைத்தார். வாசல் மணிக்குப் போகிற சின்ன மின்சாரமே இதற்கும் போதும், தொட்டாலும் ஒன்றும் பண்ணாது என்றார். வயர் வெளியே தெரியக் கூடாது என்று சின்னவள் அதைத் துணிக்குள்ளே வைத்து இரட்டைத் தையல் போட்டாள். சுவர் இடிந்தாலும் அவள் தையல் பிரியாது.

விருந்துக்கு முதல் நாளே தோரணத்தைக் கூரையோரம் கட்டிச் சோதனையும் ஆயிற்று. அவர் வெளியே நின்றுகொண்டு, எரியுதா என்று கேட்டார். அவள் உள்ளே நின்றுகொண்டு, எரியுது என்றாள். அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் ஒன்றரை அறை அரண்மனை ஆகிவிட்டது. அவளுக்குக் கண்ணே கலங்கிப்போயிற்று. அதனால் பாருங்கள், கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டுவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம். விருந்தாளிகள் வர அரை மணிதான் இருந்தது. விளக்கைப் போடுங்க என்றாள். மணிக்காரர் கையை நீட்டினார், நீட்டின கை அப்படியே நின்றது.

"என்னங்க, ஸ்விட்ச் எங்கே?"

அவர் மெதுவாக வாசலைப் பார்த்தார். இருபது வருஷமாக அவர் பொருத்துவதெல்லாம் வாசல் மணி. எதைப் பொருத்தினாலும் வெளியே போய்ப் பொத்தானை அழுத்தித்தான் பார்ப்பார். பழக்க தோஷத்தில் தோரணத்தையும் மணிப் பொத்தானோடு சேர்த்துவிட்டார். பொத்தானை யாராவது அழுத்திக்கொண்டிருந்தால் எரியும். விரலை எடுத்தால் அணையும்.

மாற்றலாம் என்றால் வயர் முழுக்கத் துணிக்குள்ளே. நாற்பது இடத்தில் இரட்டைத் தையலைப் பிரிக்க வேண்டும். சின்னவள் கத்தரிக்கோலை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதையாகிவிட்டதே என்று நொந்துகொண்டாள். அந்த நேரம் பார்த்து 'டிங்' என்றது.

தோரணம் பளிச்சென்று எரிந்தது. 'டாங்' என்றது, அணைந்தது.

கதவைத் திறந்தாள். முன்னால் மாமனார், பின்னால் பெரியவளும் அவள் புருஷனும், மூன்று மாடி ஏறின மூச்சிரைப்போடு. கதவு இடுக்கில் வெளிச்சம் வந்து போனதை அவர்களும் பார்த்திருந்தார்கள்.

"விளக்கு அவ்வளவுதானா? மின்னல் மாதிரி வந்துட்டுப் போயிடுச்சே," என்றாள் பெரியவள்.

வேண்டுமென்றேதான் அப்படி வைத்தோம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது சின்னவளுக்கு. ஆனால் மணிக்காரர் முகத்தைப் பார்த்தாள். பரீட்சையில் கோட்டைவிட்ட பிள்ளை மாதிரி நின்றார் மனுஷன். அவளுக்கு அழுகைக்குப் பதில் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நடந்ததை நடந்தபடியே சொல்லிவிட்டாள். ஸ்விட்ச் வைக்க மறந்ததையும், பிரிக்க முடியாத தையலையும்.

மாமனார் கையை வெளியே நீட்டி மறுபடி பொத்தானை அழுத்தினார். நாற்பது மணியும் எரிந்தன. விரலை எடுக்காமல் கூரையைப் பார்த்தபடியே நின்றார்.

"எனக்கு ஒரு நாற்காலி போடும்மா. இங்கேயே, வாசல்லயே."

உள்ளே வாங்க மாமா என்று அவள் கெஞ்சினாள். அவர் மசியவில்லை. எந்த விருந்தென்றாலும் கை கழுவினதும் மூலையில் உட்கார்ந்து தூங்குகிறவர் அவர். தனக்கு ஒரு வேலை கொடுத்த விருந்து இதுதான் என்றார். கதவை விரியத் திறந்துவைத்து, நிலையோரம் உட்கார்ந்து, கையை மட்டும் வெளியே விட்டுப் பொத்தானைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் அந்த வீட்டில் கண்டக்டர் ராஜ்யம். ஒரு மணி அடித்தால் எல்லாரும் அப்படியே நிற்க வேண்டும். இரண்டு அடித்தால் சாப்பிடலாம். படிக்கட்டில் நிற்காதே, உள்ளே போ, உள்ளே போ என்று வேறு அதட்டல்.

விடாமல் மணி அடிக்கிறதே, வீட்டில் யாருக்கு என்ன ஆச்சோ என்று கீழ்வீட்டுக்காரர்கள் பதறி ஏறி வந்தார்கள். வந்தவர்கள் அண்ணாந்து பார்த்ததோடு சரி, போகவில்லை. ஆளுக்கொரு தரம் அழுத்தினார்கள். பெரியவள் புருஷன் மட்டும் ஒரு கட்டம் போட்ட மணியையே முறைத்துக்கொண்டு நின்றார்.

"இது என் பேண்ட் கால்தானே?"

போன மாசம் அவர்தான் குட்டையாக்கக் கொடுத்தது. உங்க கால் பட்ட இடமெல்லாம் வெளிச்சம்தான் என்று மணிக்காரர் சொல்ல, கீழ்வீட்டுக்காரரும் தன் பழுப்புக் காலைக் கண்டுபிடித்துவிட்டார். அப்புறம் ஆளாளுக்குத் தங்கள் காலைத் தேட ஆரம்பித்தார்கள். ஒன்றரை அறை சிரிப்புத் தாங்காமல் குலுங்கிற்று.

பெரியவள் அதுவரை தட்டைப் பிடித்தபடி ஓரமாக நின்றிருந்தாள். மெல்ல வாசலுக்கு வந்து, "நகருங்க மாமா, கை வலிக்கும்," என்றாள். யாருக்குத் தெரியாது அந்தச் சாக்கு? அவர் நகர்ந்தார். அவள் பொத்தானை அழுத்தி, விரலை எடுக்கவே இல்லை. அவள் வீட்டு விளக்குகள் அவை பாட்டுக்கு எரியும், அவை பாட்டுக்கு அணையும். அவள் விரலுக்காக எதுவும் எரிந்ததில்லை. ரொம்ப நேரம் கழித்துத்தான் 'டாங்' கேட்டது.

மாமனார் கேட்டார்: "என்னம்மா, இனிமே எங்கே வச்சுக்கலாம்?"

சின்னவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்தது எங்க வீடு. அதுக்கடுத்தது இங்கேதான். முறைன்னா முறைதானே மாமா," என்றாள் பெரியவள். பிறகு சின்னவள் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "எங்க வீட்ல வெறும் ஸ்விட்ச்தான் இருக்கு. பரவாயில்லையா?" என்றாள்.

"ஒரு பொத்தான் தானே அக்கா. அவரு வந்து மாட்டிக் கொடுப்பாரு. ஸ்விட்ச் வைக்கத்தான் அவருக்குத் தெரியாது."

அவ்வளவுதான் கண்ணுகளா கதை. உங்கள் வாசல் மணியை அழுத்துகிற விரலெல்லாம் நல்ல சேதியோடு வரட்டும். உங்கள் கதவு திறக்கிறபோதெல்லாம் உள்ளே வெளிச்சம் இருக்கட்டும். கை இறுகின வருஷத்திலும் உங்கள் வீட்டில் சிரிப்பு இறுகாமல் இருக்கட்டும்.