மடியைக் கொண்டுபோய்ச் சேர்த்த முப்பத்தொரு பேர்

என் வலது கட்டைவிரலில் ஒரு பல் தடம் இருக்கிறது. என் தங்கை மகள் சண்முகப்ரியாவை மடியில் உட்காரவைத்துக் காது குத்தியபோது அவள் கடித்தது. அது நடந்து முப்பத்திரண்டு வருடம் ஆகிறது. மாமன் மடியில் வைத்துக் குத்தினால்தான் எங்கள் பக்கம் அது காதுகுத்து. இல்லாவிட்டால் வெறும் ஓட்டை.

இப்போது அவள் பந்த்நகரில் வேளாண்மை சொல்லிக்கொடுக்கிறாள். டில்லிக்கும் அப்பால். அவள் மகன் நிதீஷுக்குப் பதினோராம் மாதம். அவளுக்கு உடன்பிறந்தவன் இல்லாததால் என் மடிதான் மறுபடியும் வேலைக்குப் போகவேண்டியிருந்தது. பதினோராம் மாதம் தவறினால் மூன்றாம் வயதில்தான் குத்துவோம். எனக்கு எழுபத்தாறு. மடியைத் தனியாகப் பார்சலில் அனுப்பும் வசதி பொள்ளாச்சியில் இன்னும் வரவில்லை.

சண்முகப்ரியாவே டிக்கெட் போட்டாள்.

"மாமா, கோயமுத்தூர்ல காலைல மொத பிளேனுங்க. டில்லில ஒரு டெர்மினல்ல எறங்கி, பஸ் புடிச்சு இன்னொரு டெர்மினலுக்குப் போகோணுங்க. நடுவால ரெண்டே கால் மணி நேரம் இருக்குது. அதை உட்டா அன்னைக்கு வேற பிளேன் கெடையாது. மத்தியானம் ஒரு மணிக்கு முகூர்த்தமுங்க, பதினோராம் மாசத்துல அதான் கடைசி. ஒண்ணே ஒண்ணு சொல்றேன், வரிசைல யாருக்கும் வழி உட்டுப்போடாதீங்க."

"நான் எதுக்கு கண்ணு உடறேன்?" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

கோயமுத்தூரில் வில்லங்கம் ஒன்றே ஒன்றுதான். சீர்ப் பையிலிருந்த ஐந்து கொப்பரைகளை அதிகாரி எடுத்து வெளியே வைத்தார். "தீப்புடிக்குமுங்க ஐயா" என்றார்.

"நாப்பது வருசமாக் கொப்பரை ஏவாரம் பண்றேனுங்க. ஒருநாளும் என்னையச் சுட்டதில்லீங்க."

அவர் சிரித்தார். கொப்பரையைத் தரவில்லை. உருண்டை வெல்லமும் வெள்ளி அரைஞாணும் தப்பித்தன.

டில்லியில் இறங்கியதும் ஒரு நடைபாதை தானாகவே ஓடிக்கொண்டிருந்தது. நான் எதிர்ப்பக்கத்தில் ஏறிவிட்டேன். இருபது நிமிடம் விடாமல் நடந்தேன். அதே தண்ணீர்க் குழாய் பக்கத்திலேயே இருந்தது. உடம்புக்கு நல்லதுதான், வியர்த்துவிட்டது. அப்புறம் பஸ்ஸைப் பிடித்து அடுத்த டெர்மினலுக்குப் போனேன். அதன் நீளத்தைக் கேட்டால் நம்பமாட்டீர்கள். உள்ளே நடந்துகொண்டிருக்கும்போதே எனக்குத் தாடி கொஞ்சம் வளர்ந்தது.

சோதனை வரிசையில் நின்றேன். பின்னால் கைக்குழந்தையோடு ஒரு அம்மணி பரிதாபமாகக் கடிகாரத்தைப் பார்த்தாள். எனக்குத் தெரிந்த ஒரே ஹிந்தி 'ஜாவோ', அதாவது 'போ'. மரியாதைக்கு நம் ஊர் 'ங்க'வைச் சேர்த்து, "ஜாவோங்க" என்று ஒதுங்கினேன். அவள் போனாள். அவள் கணவன், மாமியார், ஒரு சர்தார்ஜி, அவருடைய சொந்தங்கள் பன்னிரண்டு பேர், எல்லாரும் பின்னாலேயே போனார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னேன். மொத்தமாகச் சொன்னால் மரியாதை இல்லை.

அடுத்து வந்தவர் தமிழில் பேசினார். உக்கடத்துக்காரர், பெயர் ரசாக். கோழிக்குஞ்சு பொரிக்கும் மெஷினை ரிப்பேர் பார்க்கப் போகிறாராம்.

"எந்த ஊருக்குங்க பாய்?"

"பந்த்நகருங்க ஐயா. முன்னால போனவங்களும் அங்கதான். பிளேனுக்கு நேரமாயிப்போச்சுங்க."

"அடடா, அப்ப நீங்க மொதல்ல போங்க."

"நீங்க எங்கீங்க போறீங்க?"

"நானும் பந்த்நகருக்குத்தானுங்க."

ரசாக் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ரெண்டு பேருக்கும் ஒரே பிளேனுங்க ஐயா!"

"அதானுங்க சொல்றேன். ஒருத்தராச்சும் போய்ச் சேரட்டும்."

அவர் என் கையைப் பிடித்து இழுத்தார். நான் நகரவில்லை. தலையில் அடித்துக்கொண்டு போனார். அவருக்குப் பின்னால் அதே பிளேனுக்கான இன்னும் ஒரு கூட்டம் போனது. மொத்தம் முப்பத்தொரு பேர்.

என் முறை வந்தபோது பையிலிருந்த அரைஞாணைக் கண்டு மெஷின் கத்தியது. அதை எடுத்து வைத்து, பையைப் பிரித்து, வெல்லத்தை முகர்ந்து பார்த்து அனுப்பினார்கள். ஓடினேன். கேட்டில் ஒரு பெண் கதவை மூடிக்கொண்டிருந்தாள். அந்தக் கதவைப் பார்த்த பிறகுதான் முதன்முதலாகக் கடிகாரத்தைப் பார்த்தேன். சண்முகப்ரியா அத்தனை தூரம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். மாமன் மடி வந்து சேராவிட்டால் அந்தக் குழந்தை மூன்று வயதுவரை காத்திருக்கும். மடி காத்திருக்குமா?

பையைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பெண்ணைக் கும்பிட்டேன். அப்போது அவள் கையிலிருந்த வாக்கிடாக்கி அலறியது. அவள் கேட்டாள், முகம் சுருங்கியது, பிறகு விரிந்தது, கடைசியில் என்னையே பார்த்தாள். கதவைத் திறந்து, கையைக் காட்டி ஓடச் சொன்னாள்.

கீழே விமானம் நின்றது. படிக்கட்டின் அடியில் முப்பத்தொரு பேரும் நின்றிருந்தார்கள். ஒருவரும் ஏறவில்லை. சர்தார்ஜி கைக்குழந்தைக்காரியிடம் "ஜாவோங்க" என்றார். அவள் மாமியாரைக் காட்டி "ஜாவோங்க" என்றாள். மாமியார் விமானிக்கே கையைக் காட்டி, "ஜாவோங்க" என்றாள். நடுவில் ரசாக் கல்யாண வீட்டு வாசலில் நிற்பவரைப்போல நின்று எல்லாரையும் உபசரித்துக்கொண்டிருந்தார். இருபது நிமிடமாக இதுதான் நடந்ததாம்.

"வந்துட்டாரு!" என்றார் ரசாக். "ஐயா, இனி நீங்க யாருக்காச்சும் வழி உட்டீங்கன்னா நானே தூக்கி உள்ள போட்ருவேனுங்க."

முதல் ஆளாக ஏறினேன். பழக்கமில்லாததால் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். உள்ளே எல்லாருக்கும் வெல்லம் கொடுத்தேன், விமானிக்கு இரண்டு உருண்டை.

பந்த்நகர் விமான நிலையம் நம் பக்கத்துக் கொப்பரைக் களத்தைவிடச் சற்றுப் பெரியது. இறங்கி இருபது எட்டு வைத்தால் வாசல். வாசலில் நிதீஷை இடுப்பில் வைத்துக்கொண்டு சண்முகப்ரியா.

"வழி உட்டீங்களா மாமா?"

"ஒருத்தருக்குக்கூட இல்ல கண்ணு."

எனக்குப் பின்னால் வந்த முப்பத்தொரு பேரும் சத்தமாகச் சிரித்தார்கள்.

ஒரு மணிக்குக் காது குத்தியாயிற்று. ரசாக் மெஷினை மறுநாளுக்குத் தள்ளிவிட்டு வந்து, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். நிதீஷ் அழவில்லை, என் இடது கட்டைவிரலைக் கடித்தான். இப்போது இரண்டு கையும் சரியாயிற்று.

ரசாக்கைத் தவிர அந்த மனிதர்கள் யாருடைய பெயரும் எனக்குத் தெரியாது. காலையில் கும்பிடும்போது, "அந்த முப்பத்தொரு பேரும் நல்லா இருக்கோணும் சாமி" என்று எண்ணிக்கையை மட்டும் சொல்கிறேன். சாமிக்கு ஆளைத் தெரிந்திருக்கும்.

திரும்பி வரும்போது சண்முகப்ரியா டில்லியில் ஆறு மணி நேர இடைவெளி விட்டு டிக்கெட் போட்டாள். போதவில்லை.